இழுத்தும் நிற்காத பெல்ட்

அந்தக் கம்பித் துண்டை வைத்தது நான்தான். அரையடி நீளம்கூட இருக்காது. இரண்டு முனையிலும் உறையைச் சீவி, மின் பேனலுக்குள் இரண்டு திருகுகளின் அடியில் நுழைத்து முடுக்கினேன். இரண்டு நிமிட வேலை. பதினோரு நாள் அது அங்கே இருந்தது. பதினோராவது நாள் காலையில் ஒரு பெண்ணின் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று ஆண்டுகள் பொய்யாகச் சொன்னேன், சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னேன். முழுதாக, நடந்தபடி எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்குச் சொந்த ஊர் கேரள மலையில் இருக்கும் ஆனைக்கரை. அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தேன், தோட்டத்துச் சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்து, பிறகு இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்து, மலையை விட்டு இறங்கினேன். இப்போது மறுபடி ஆனைக்கரையில்தான் இருக்கிறேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் மோட்டாரும் ஹீட்டரும் பழுதானால் கூப்பிடுவார்கள், போய்ச் சரிசெய்து கொடுக்கிறேன். இடையில் எட்டு வருடம் கிழக்குப் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தனியார் அனல்மின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். நிலக்கரியும் மரச்சிம்பும் எரித்து, சுற்றியிருந்த சில தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன நிலையம். பெயர் வேண்டாம்.

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு, நீராவியின் சூடு என்ன, அழுத்தம் என்ன, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றெல்லாம் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுகிற கருவிகள் இருக்கும். அவை ஒழுங்காகச் சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பொய் சொல்கிற கருவியைக் கழற்றி, சோதித்து, உண்மை சொல்ல வைத்து, மறுபடி மாட்ட வேண்டும். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

எங்களுக்கெல்லாம் மேலே ஒரு மேலாளர் இருந்தார். பாய்லரின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லக்கூடியவர். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. "எடா பாண்டி" என்பார். தமிழர்களை மலையாளத்தில் மட்டமாகச் சொல்லும் சொல் அது. ஒருமுறை நான் மாட்டிய, அழுத்தத்தைச் சொல்லும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்று தப்பாகக் காட்டியது. அதைக் கழற்றச் சொல்லி, இரண்டு கையிலும் பிடித்தபடி கண்ட்ரோல் ரூம் வாசலில் ஷிப்ட் முடியும்வரை என்னை நிற்க வைத்தார். போகிறவர், வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் வாங்கக் கை இல்லை. நான் அப்போது காண்ட்ராக்ட்டில் இருந்தேன். நாளைக்கு வராதே என்றால் நாளைக்கு வேலை கிடையாது.

நிலக்கரி கொட்டும் இடத்திலிருந்து பாய்லர்வரை ஒரு நீளமான கன்வேயர் பெல்ட் போகும். அதன் ஓரமாக ஒரு சிவப்புக் கயிறு நீளமாகக் கட்டியிருக்கும். யாராவது பெல்ட்டில் மாட்டிக்கொண்டாலோ மாட்டப் போனாலோ கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். கயிற்றோடு இணைந்த சுவிட்ச் விழும், பெல்ட் அந்த இடத்திலேயே நிற்கும். விழுந்த சுவிட்சின் லீவர் தானாக எழும்பாது. ஒரு ஆள் போய்க் கையால் தூக்கிவிட்டால்தான் பெல்ட் மறுபடி ஓடும்.

பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளப் பெண்கள் வருவார்கள். எல்லோரும் காண்ட்ராக்ட். அவர்களில் ஒருவர்தான் அக்கா. நாற்பது தாண்டியவர், எல்லைப் பக்கத்துக் கிராமம். ஒன்றரை ஏக்கர் பூமி இருந்தும் கிணறு வற்றிப் போனதால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரிச்சட்டி தூக்க வந்தவர். முகத்தில் கரி அப்பியிருக்கும், பல் மட்டும் தெரியும். வந்த புதிதில் அவர்தான் என்னைக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இந்தச் செவப்புக் கயிறு எதுக்குங்க?"

அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் காட்டினேன். "இப்பிடிப் புடிச்சுக் கீழாக்க இழுக்கணும்க்கா. யோசிக்கக் கூடாது. பயந்தா மொதல்ல இழுத்துருங்க, பெறகு பாத்துக்கிருவோம்."

ஒருநாள் அவர் இழுத்தார். கரிக்குவியலில் திரிந்த ஒரு நாய்க்குட்டி ரோலருக்குப் பக்கத்தில் போய்விட்டது. பெல்ட் நின்றது. பாய்லருக்குக் கரி போவது பத்துப் பன்னிரண்டு நிமிடம் தடைப்பட்டது. மேலாளர் இறங்கி வந்தார். "பட்டிக்கு வேண்டி பிளான்ட் நிறுத்தியோ?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். நாய்க்காகவா நிலையத்தை நிறுத்தினாய் என்று. ஒரு வாரம் அக்காவைச் சாம்பல் குழிக்கு மாற்றினார். அங்கே போனால் கண்ணும் மூக்கும் எரியும். அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குட்டிய ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டனுங்க தம்பி. இங்க இருந்தா மறுக்காவும் பெல்ட்டுல போயி உழுகும்."

அந்த வருடம் ஆடி மாதத்தில் மழை விடவே இல்லை. கணவாய் வழியாக வருகிற காற்றில் மழை படுக்கையாக அடித்தது. கயிற்றுச் சுவிட்சின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, யாரும் இழுக்காமலே பெல்ட் நின்றது. ஒரு நாளில் ஆறு முறை, ஏழு முறை. ஒவ்வொரு முறையும் நான் நனைந்துகொண்டு ஓடி, பெட்டியைத் திறந்து, துடைத்து, மூடிவிட்டு வருவேன். புதிய சுவிட்ச் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வரவில்லை. கரி தடைப்பட்டு உற்பத்தி குறைந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"எடா பாண்டி, அதொந்நு பைபாஸ் செய்யடா."

"சார், அது சேப்டி கயிறு சார்."

"எனிக்கு அறியாம். ரெண்டு நாளைக்கு மதி. புதிய சுவிட்ச் வரும். இப்ப தன்னெ செய்யி." தனக்குத் தெரியும், இரண்டு நாளைக்குப் போதும், இப்போதே செய் என்று.

செய்தேன். அந்தக் கம்பித் துண்டை வைத்துவிட்டால் கயிற்றை யார் இழுத்தாலும் கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதாகவே திரையில் காட்டும். பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றார் மேலாளர். எழுதவில்லை. இரண்டு நாள் கழிந்தது, நான்கு நாள் கழிந்தது. பெல்ட் நிற்காமல் ஓடியது, நானும் மழையில் ஓட வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

கீழே கரி அள்ளுகிற பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயிறு இப்போது வேலை செய்யாது, தள்ளியே நில்லுங்கள் என்று. யாரும் என்னைத் தடுக்கவில்லை. பயந்து சொல்லாமல் விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் அந்த வழியாகப் போனேன், அக்கா "சாப்ட்டீங்களா தம்பி" என்று கேட்டார், "ஆச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பதினோராவது நாள் காலை பத்து மணி இருக்கும். நான் பக்கத்துப் பேனல் அறையில் இருந்தேன். முதலில் கத்தல் கேட்டது, பிறகு வாக்கி டாக்கியில் யாரோ நிறுத்து நிறுத்து என்று அலறினார்கள். கண்ட்ரோல் ரூமில் பொத்தானை அழுத்தித்தான் பெல்ட்டை நிறுத்தினார்கள். நான் ஓடியபோது அக்கா பெல்ட் திரும்புகிற கடைசி உருளைக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்தார். கரி அள்ளிய சட்டி மாட்டி, சட்டியோடு கை உள்ளே போயிருந்தது. மெக்கானிக்குகள் மறுபக்கம் நின்று உருளையைக் கையால் பின்னோக்கித் திருப்பப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் நான் மட்டும்.

அவருடைய இடது கை சிவப்புக் கயிற்றைப் பிடித்திருந்தது. முழு எடையையும் அதில்தான் போட்டிருந்தார். கயிறு தாழ்ந்து தொய்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், சுவிட்சின் லீவர் விழுந்திருந்தது. அவர் இழுத்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, யோசிக்காமல், முதலில் இழுத்திருக்கிறார்.

"நிக்கலீங்க தம்பி," என்றார். மயக்கம் வருவதற்கு முன் அவர் சொன்னது அவ்வளவுதான்.

வெளியே எடுக்கக் கயிற்றை விட வேண்டும், விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். பிறகு ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள்.

ஜீப் கேட்டைத் தாண்டுவதற்குள் மேலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "மோனே, அதங்கு மாற்றிக்கோ." மகனே, அதை எடுத்துவிடு என்று. அவர் என்னை மகனே என்றதை நான் அந்த நேரத்திலும் கவனித்தேன்.

போய்க் கம்பியை எடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுவிட்ச் பெட்டியைத் திறந்து, சூடான காற்று அடித்து ஈரத்தைப் போக்கி, முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். இதுவரைக்கும் அவர் சொன்னது. அதற்குப் பிறகு நான் செய்ததை யாரும் சொல்லவில்லை. விழுந்து கிடந்த லீவரைத் தூக்கி, பழைய இடத்தில் நிறுத்தினேன். அக்கா இழுத்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. பிறகு தொய்ந்த கயிற்றையும் இழுத்துக் கட்டினேன். அதில் கரியும் ரத்தமுமாக ஐந்து விரலின் தடம் இருந்தது. பழந்துணியால் துடைத்தேன்.

மறுநாள் மதியம் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். கயிறு வேலை செய்கிறதா என்று கேட்டார். "நிங்ஙள் தன்னெ நோக்கிக்கோளூ சார்" என்று மேலாளர் அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஆய்வாளர் இழுத்தார். பெல்ட் டக்கென்று நின்றது. இன்னொரு இடத்தில் இழுத்தார். அங்கேயும் நின்றது. கண்ட்ரோல் ரூமில் முந்தைய நாள் பதிவை அச்செடுத்துக் கொடுத்தார்கள். காலை பத்து மணிக்குக் கயிறு இழுக்கப்பட்டதாக அதில் இல்லை. பிறகு மேலாளர் நாய்க்குட்டிக் கதையைச் சொன்னார். இந்தப் பெண்ணுக்குக் கயிறு இழுக்கத் தெரியும், முன்பே இழுத்திருக்கிறாள், அன்றைக்கு நின்றதே என்றார். ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கருவி பராமரிப்பு நீதானே? ஏதாவது பழுது இருந்ததா?"

"இல்ல சார்," என்றேன்.

ஆறாவது நாள் மேலாளர் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நீ தமிழ், உன்னிடம் பேசுவாள் என்றார். கையில் ஒரு காகிதம் கொடுத்தார், மலையாளத்தில் அச்சடித்தது. பெல்ட் ஓடும்போது எச்சரிக்கையை மீறிக் கரி எடுத்தேன், கயிற்றை நான் இழுக்கவில்லை, கம்பெனி மேல் எந்தப் புகாரும் இல்லை என்று அதில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், மலையாளம் தெரியாது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தார். முகம் கழுவியிருந்தது. கரி இல்லாமல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போனேன். அவர்தான் கூப்பிட்டார். புருஷன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், ஒல்லியான மனிதர்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. நானு இழுத்தனுங்க. ரெண்டு வாட்டி இழுத்தேன். இவரு நம்ப மாட்டேங்கறாரு. ஆபீசுக்காரங்களும் இல்லீங்கறாங்க. நீங்க வந்து பாத்தீங்கல்லோ?"

அங்கே வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்திருந்தேன். தயாராக இருந்தது.

"இழுத்திருந்தா நின்னுருக்கும்லக்கா," என்றேன். "ஆய்வாளர் இழுத்துப் பாத்தாரு. நின்னுச்சு. நானும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. கணக்குச் சரியாக வராத குழந்தை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஏனென்றால் எனக்குத் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். கயிற்றைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

"அப்பிடீங்களா," என்றார். புருஷன் பக்கம் திரும்பி, "அந்த வலியில புடிச்சனா இழுத்தனான்னு தெரியாமப் போச்சாட்ட இருக்குது."

"உனக்கு எப்பவுமே பராக்குத்தான்," என்றார் புருஷன். "சோத்துல கல்லு கெடந்தாலும் தெரியாது உனக்கு."

காகிதத்தை எடுத்தேன். "இது என்னுங்க தம்பி?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரி பில்லுக்குத்தாங்கக்கா," என்றேன். மை தடவி, இடது கைப் பெருவிரலைப் பிடித்து நானே வைத்தேன். நான் பிரித்தெடுத்த அதே விரல். வலது கைக் கட்டைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்தில் என்னை நிரந்தரமாக்கினார்கள். மேலாளர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

அதன் பிறகு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. புதிதாக வரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். தமிழில் எடுக்க நான்தான் ஆள். அவர்களை அந்த உருளைக்குப் பக்கத்திலேயே நிறுத்திச் சொல்வேன். "இங்க ஒரு அக்கா வேல பாத்தாங்க. கயிறு கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. இழுக்கல. கை போயிருச்சு. இழுத்திருந்தா இன்னைக்கும் உங்களோட நின்னுருப்பாங்க." எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று நாளாக ஆக எனக்குப் பழகிவிட்டது. பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாகச் சொல்கிறாய் என்று மேலாளர் பாராட்டினார். மூன்று வருடம் சொன்னேன். சில நாள் சொல்லும்போது எனக்கே அக்கா மேல் எரிச்சல் வரும். கையெட்டும் தூரத்தில் இருந்ததை இழுத்திருக்கக் கூடாதா என்று. அந்த அளவுக்கு ஆகிவிட்டேன்.

மூன்றாம் வருட முடிவில் ஒரு வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர். தண்ணீர் சோதனை செய்யும் லேபுக்கு வந்த ஒரு பெண்ணும் இருந்தாள், பி.எஸ்சி. முடித்தவள். நான் கதையைச் சொல்லி முடித்தேன். மற்றவர்கள் கலைந்தார்கள், அவள் மட்டும் போகவில்லை.

"அது எங்கம்மாங்க," என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நீங்க சொன்னதுதானுங்க அம்மாவும் சொல்லும். நா வேலைக்குக் கெளம்பறப்ப, பயந்தா மொதல்ல கயித்த இழு, என்னையாட்டம் நின்னுறாதேன்னு சொல்லுச்சு. அப்பாவுக்குக் கோவம் வந்தா, ஒரு கயித்த இழுக்கத் துப்பில்லாதவதானே நீயின்னு கேப்பாரு. அம்மா ஒண்ணும் பேசாது. ஆமான்னு தலைய ஆட்டும்."

அன்றைக்கு என் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். கை போனதைப் பற்றி நான் பல முறை யோசித்திருக்கிறேன். கையோடு நான் எடுத்துக்கொண்டது வேறொன்று இருக்கிறது என்று அதுவரை தெரியாது. அவர் தன் கடைசிப் பலத்தால் செய்த சரியான காரியத்தை அவரிடமிருந்து பிடுங்கி, அவர் செய்யவே இல்லை என்று அவரையே நம்ப வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் அவர்கள் ஊருக்குப் போனேன். ஓட்டு வீடு, பின்னால் தென்னை. அக்கா முறத்தை மடியில் வைத்து இடது கையால் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். "அட, தம்பியா! வாங்க வாங்க," என்று எழுந்தார். மோர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். கம்பி வைத்தது, பதினோரு நாள், லீவர் விழுந்திருந்தது, நான் தூக்கியது, கயிற்றைத் துடைத்தது, காகிதம், எல்லாம்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"மறுக்காச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன்.

"அப்ப நா இழுத்தேன்."

"இழுத்தீங்கக்கா. லீவரு விழுந்து கெடந்துச்சு. எங்கண்ணால பாத்தேன்."

அவர் எழுந்து போய்ப் பின்னால் தென்னந்தோப்பில் இருந்த புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவருகிட்டச் சொல்லுங்க தம்பி," என்றார். மூன்றாம் முறையாகச் சொன்னேன். அந்த மனிதர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அப்பவே கெட்டியாச் சொல்லியிருக்கலாமல்லோ? நீயேதானே இழுக்கலீன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்ச? இப்ப வந்து நின்னுட்டு."

சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. பிறகு என்னைக் கேட்டார். "இத ஆபீசருகிட்ட வந்து சொல்லுவீங்களா? ஆருங் கேக்காம எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா, அது உங்க மனசுக்குத்தானுங்க ஆச்சு."

சொல்லுவேன் என்றேன். வந்தபோது அந்த எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

கடிதம் எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாலக்காட்டில் அரசு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பழைய ஆய்வாளர் மாறிப் போயிருந்தார், புதியவர் ஒரு பெண். மேலாளர் வெள்ளைச் சட்டையில், ஒரு வக்கீலோடு வந்திருந்தார். அக்கா மகளோடு வந்தார். புடவைத் தலைப்பைக் கைக்கு மேல் போர்த்தியிருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அக்காவின் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார்.

"அம்மா, நீங்க அன்னைக்குக் கயிறு இழுத்தீங்களா?"

"இல்லீங்க," என்றார் அக்கா. "நா இழுக்கலீங்க."

"இவர் பார்த்தேன் என்கிறாரே?"

"அவரு எதுக்கு அப்பிடிச் சொல்றாருன்னு எனக்குத் தெரியலீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில, நீ இழுக்கலீன்னு சொன்னதே அவருதானுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். சஸ்பெண்டில் இருக்கும் ஊழியர், கம்பெனி மேல் கோபம் இருக்கலாம் என்று மேலாளரின் வக்கீல் சொன்னார். சுவிட்ச் கேட்டு நான் எழுதிக் கொடுத்த காகிதம் அவர்கள் கோப்பில் இல்லை, என்னிடம் இருந்தது என் வாய்ச்சொல் மட்டும். அந்த வாய் எத்தனை முறை எதிராகப் பேசியிருக்கிறது என்பதற்கு மூன்று வருடப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்த அத்தனை பேரும் சாட்சி. மேலாளர் வெளியே போகும்போது என் தோளில் தட்டினார். "சாரமில்லடா பாண்டி," என்றார். பரவாயில்லையடா என்று.

பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மகள் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் போனேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா?"

"புள்ளைய பெர்மனென்ட் பண்ணீட்டாங்க. போன வாரம் ஆர்டர் குடுத்தாங்க." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்களும் அதுக்குத்தானுங்க அன்னிக்கு அப்பிடிச் சொன்னீங்க. நா மட்டும் சொல்லக் கூடாதுங்களா?"

புடவைத் தலைப்பை இன்னும் இழுத்து வலது கை மேல் விட்டுக்கொண்டார்.

"நா இழுத்தேன்னு எனக்குத் தெரியும். அது போதும். ஊட்டுல அவருக்கும் தெரியும். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கிருந்து அவரு எங்கோட பேசறதில்லீங்க. மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாரு. முன்னாலயாச்சும் திட்டுவாரு."

மகள் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவரைப் போல அம்மாவின் மறுபக்கம் போய் நின்றாள். கோழிஞ்சாம்பாறை பஸ் வந்தது, கூட்டம். மகள் முண்டியடித்து ஏறி இடம் பிடிக்கப் போனாள். அக்கா இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தார். பஸ் நகர்ந்தது, உடம்பு பின்னால் சாய்ந்தது. நான் எட்டி அவர் முதுகைத் தாங்கப் போனேன்.

"தொடாதீங்க," என்றார், திரும்பாமலே.

பின்னால் நின்ற ஒரு பெண் அவரைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள்.